விருந்தாளிக்கு வைத்த குளிசை

என் மகள் நிவேதனாவைப் பரீட்சையில் முதல் தடவை தோற்கடித்தபோது பேராசிரியர்கள் சொன்ன காரணம், அவள் வெறுங்கையோடு வந்திருக்கிறாள் என்பது. அதை அவள் வீட்டுக்கு வந்து சொன்ன நேரம், நான் எங்கள் கடற்கரை ஊரான கொழும்புத்துறையின் இறங்குதுறையில் மீனுக்கான ஐஸ் பெட்டி சுமந்துவிட்டு வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வெறுங்கையோ? நீயென்ன கலியாண வீட்டுக்கே போனனீ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "கையிலை முடிவு ஒண்டும் இல்லையாம் அப்பா. யோசினை மட்டும் காணாதாம். வீடுகளிலை குளிசை எடுத்து, அளந்து, அதோடை வரட்டாம்."

மருந்தாக்கவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் இடையில் ஒரு தகுதிகாண் பரீட்சைக்கு நிற்க வேண்டும். எழுதுகிற பரீட்சை இல்லை. மூன்று பேர் கதிரை போட்டு இருப்பார்கள். என்ன ஆராயப் போகிறேன், எப்படி ஆராயப் போகிறேன், இதுவரை என்ன கண்டேன் என்று பிள்ளை நின்று சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் கேள்வியால் கிழிப்பார்கள். கிழிபட்டும் மிஞ்சினால் மேலே படிக்கலாம். இரண்டாம் தரமும் தோற்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். மூன்றாம் தரம் கிடையாது.

நிவேதனா எடுத்துக்கொண்ட விஷயம் நாங்கள் குடிக்கும் மருந்துக் குளிசை. கிளினிக்கில் பிரஷருக்கும் நெஞ்சுக்கும் தருகிற குளிசைகளைக் கடதாசி உறையில் உதிரியாகப் போட்டுத் தருகிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைக்கிறோம், வெக்கையும் உப்புக்காற்றும் பட்ட பிறகு அதற்குள் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

இதை அவள் புத்தகத்தில் தேடி எடுக்கவில்லை. என் தம்பி இளையதம்பியின் வாயைப் பார்த்து எடுத்தாள். அவன் பிரஷர்க் குளிசையை ஒரு நாளும் தவறவிடாதவன். படகுக்குப் போனாலும் மடியில் முடிந்துகொண்டு போவான். அப்படியிருந்தும் ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது வாய் கோணி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் அவனைத்தான் ஏசினார். "குளிசையை ஒழுங்காய்க் குடிக்காமல் விட்டிட்டு இப்ப வாறியள்." இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பவில்லை. கையை மட்டும் ஆட்டினான். பக்கத்தில் நின்ற நிவேதனா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு இன்றைக்கும் பேச்சு வருவதில்லை.

டாக்குத்தரிலும் முழுப் பிழை இல்லை. பேராசிரியர் கனகரட்ணம் என்று ஒருவர் முன்னமே கரையோர வீடுகளில் ஒரு ஆய்வு செய்திருந்தார். இந்தச் சனங்கள் மருந்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், குளிசையில் ஒரு குறையும் இல்லை என்பது அவருடைய முடிவு. குளிசை நன்றாக இருந்தும் பிரஷர் குறையவில்லை என்றால் என்ன அர்த்தம்? சனம் குடிக்கவில்லை. அவ்வளவுதான். நிவேதனாவின் பரீட்சைக் குழுவுக்குத் தலைவரும் அதே கனகரட்ணம்தான்.

முதல் தடவை தோற்ற பிறகு அவள் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் உள்ள வீடுகளில் குளிசை எடுக்க ஆயத்தமானாள். எடுக்கிற குளிசைக்குப் பதிலாக அவள் புதுக் குளிசை கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் வீடுகளில் எடுக்கக் கூடாது. இன்ன நாள், இன்ன நேரம் வருவேன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கம்பஸ் ஒழுங்குவிதி அப்படி; கனகரட்ணமும் முன்னர் அப்படித்தான் போயிருந்தார். அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டச் சொல்லிச் சனம் என்னிடம்தான் கொண்டுவந்தது. நிவேதனா சின்ன வகுப்பில் படித்த காலத்தில் அவளுடைய பாடப் புத்தகத்தை வைத்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பிந்திப் படித்தவனுக்கு வாசிக்கிற ஆசை இலேசில் அடங்காது. தெருமுனை மதகுக் கட்டில் இருந்துகொண்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சத்தமாக வாசித்தேன்.

அவள் போய் வந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பட்டர் கேக்காம், நெக்டோ சோடாவாம், விளிம்பில் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணியாம். வயிறு நிறைந்து, பை நிறைந்து வந்தாள். கம்பஸில் அளந்து பார்த்தாள். எல்லா வீட்டுக் குளிசையிலும் மருந்து முழுதாக இருந்தது. ஒரு வீடுகூடக் குறையில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் துள்ளிக் குதித்திருக்கும். கையில் முடிவு இருக்கிறது, அதுவும் கனகரட்ணம் சேருடைய முடிவோடு பொருந்துகிற முடிவு. இவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள். அந்தக் கோபத்தைக் கடைசியில் தாயிடம் காட்டினாள்.

என் மனைவி கமலாவதி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிவேதனா சுவர்த் தட்டில் இருந்த எங்கள் குளிசை ரின்னை எடுத்து மூடியைத் திறந்தாள். பழைய பால்மாத் தகர ரின். குளிசை உறைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு உருண்டை புளி.

"அம்மா, உதைப் பாருங்கோ. சனமெல்லாம் குளிசையைக் கண்ணாடிப் போத்திலுக்குள்ளை, அலுமாரி லாச்சிக்குள்ளை எண்டு எவ்வளவு வடிவா வைச்சிருக்கினம். எங்கடை வீட்டிலை மட்டும்தான் புளியோடை கிடக்குது. நான் படிக்கிற படிப்புக்கு எனக்கு வெக்கமாயிருக்கு."

"ஆர் வடிவா வைச்சிருக்கினம்?"

"மகாதேவி மாமி." பக்கத்து வீட்டுக்காரி; சொந்தம் இல்லை, வாயால்தான் மாமி.

கமலாவதி திருவலையை விட்டு எழும்பினாள். சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பாதித் தேங்காய் உருண்டு வாசலுக்குப் போனது.

"மகாதேவியோ! அவள் நீ வாறதுக்கு முதல் நாள் என்னட்டைத்தானடி குளிசை கடன் வாங்கினவள். நான் அண்டைக்குத்தான் கிளினிக்காலை வந்தனான். பாதியை அள்ளிக் குடுத்தன். செபமாலையின்ரை மனிசி வந்து கேட்டவ, அவவுக்கும் குடுத்தன். கண்ணாடிப் போத்தில் செபமாலை வீட்டு ஜாம் போத்தில். நீ ஒரு வீட்டாலை வெளிக்கிட அது குளிசையோடை மற்ற வீட்டுக்கு வேலியாலை போகும்."

"ஏனம்மா உப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஏனோ? கம்பஸிலையிருந்து வாறனெண்டு கடுதாசி குடுத்துப்போட்டு வாறாய். கொப்பரும் மதகிலை இருந்து ரேடியோ மாதிரி வாசிச்சுப்போட்டார். பிறகு ஆரடி பழங்குளிசையைத் தூக்கி முன்னுக்கு வைப்பினம்? வாற ஆளுக்கு வெடிச்ச கோப்பையிலை தேத்தண்ணி குடுப்பினமே?"

நிவேதனா நின்ற இடத்திலேயே குந்தினாள்.

"அப்ப நான் அளந்தது... உங்கடை குளிசையை."

"ஓம், என்ரைதான்," என்றாள் கமலாவதி. "நல்லாயிருந்ததோ?"

நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டாம் தரப் பரீட்சைக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

அன்று பின்னேரம் நிவேதனா தன்னை வழிநடத்துகிற கலாநிதி தேவகுமாரிக்குப் போன் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். தேவகுமாரி மேடம் நல்ல மனிசி. முதல் தடவை தோற்றபோது நிவேதனாவோடு சேர்ந்து அழுதவர் அவர் ஒருவர்தான்.

"நிவேதனா, நான் சொல்லுறதைக் கேளும். உது பெரிய பிழைதான். ஆனால் உதை இப்ப வெளியிலை விடாதையும். இந்த முறையும் கையிலை முடிவு இல்லையெண்டால் உம்மடை பேரை வெட்டிப்போடுவினம். இருக்கிறதைக் காட்டும். பாஸ் பண்ணும். பிறகு நாங்கள் சத்தம் போடாமல் திருப்பி எடுத்துச் சரிப்பண்ணுவம். நீர் பொய் சொல்லேல்லையே, அளந்ததைத்தானே காட்டுறீர்?"

"ஓம் மேடம்," என்றாள் அவள். போனை வைத்தாள்.

"மேடம் சொல்லுறதும் சரிதானே பிள்ளை?" என்றேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம். நாரி முறியச் சுமந்த ஐஸ் முழுக்க இந்தப் பிள்ளையின் படிப்பாகத்தான் போயிருக்கிறது.

"சரியெண்டால் நீங்கள் போய்ச் சித்தப்பாவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் அந்த முடிவைக் காட்டினால் கனகரட்ணம் சேர் சொன்னது ரெண்டாந்தரமும் சரியெண்டு ஆகும். கரையிலை இருக்கிறவன் ஒருத்தனும் குளிசை குடிக்கிறேல்லை எண்டு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி."

நான் இளையதம்பி வீட்டுக்குப் போகவில்லை. போகாமலே எனக்குப் பதில் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் மகாதேவியிடம் போனாள். பழைய ரின்னைக் கேட்டால் தந்துவிடுவார்கள், ஒரு கிழமைக்குள் கொஞ்சமாவது அளந்து முடிக்கலாம் என்று நினைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"மாமி, புதுக் குளிசை வேண்டாம். நீங்கள் உண்மையா எடுத்துக் குடிக்கிற ரின்னைத் தாங்கோ."

"ஆர் உனக்குச் சொன்னது? கொம்மாவோ? அவளின்ரை வாய்க்குப் பூட்டுப் போடேலாது." மகாதேவியின் குரல் ஏறியது. "என்ரை வீட்டு ஊத்தையைக் கொண்டுபோய்க் கம்பஸ்காரருக்குக் காட்டப் போறியோ? உன்னை மதிச்சுக் கேக் அடிச்சு வைச்சனான். அதுக்கு உதோ மரியாதை?"

"ஊத்தையெண்டு நான் சொல்லேல்லையே மாமி."

"நீ சொல்லவேண்டாம், பாக்கிறவன் சொல்லுவான். போ பிள்ளை. உன்ரை சோதினைக்கு என்ரை மானம் இல்லை."

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சில வீட்டில் அதையும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

பரீட்சை நாள் வந்தது. முதல் பாதி யாரும் இருந்து கேட்கலாமாம். "அப்பா, நீங்கள் வரவேணும். என்னை வெட்டினாலும் உங்களுக்கு முன்னாலை வெட்டட்டும்," என்றாள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வேட்டி கட்டி, கமலாவதி தேய்த்து வைத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

குளிரூட்டிய அறை. ஐஸில் வேலை செய்கிறவனுக்கே குளிர்ந்தது. கடைசி வாங்கில் எனக்குப் பக்கத்தில் நிவேதனாவின் சிநேகிதி ஜெயனி வந்து இருந்தாள். நல்லூரில் இருக்கிற மெதடிஸ்த குடும்பம். தாயும் தகப்பனும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். இங்கிலீசில் நடக்கிறதை அவள் என் காதுக்குள் தமிழில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நடுவிலை இருக்கிறவர்தான் கனகரட்ணம் சேர். அந்த அம்மா கொழும்பாலை வந்தவ, சிங்களம். மற்றவர் டாக்குத்தர், அவர் வாய் திறக்கிறது கொட்டாவி விடமட்டும்தான்."

நிவேதனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள். திரையில் படம் விழுந்தது. கோடுகள் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றன.

"இதுதான் முடிவு எண்டு சொல்லுறாள் அங்கிள். எல்லா வீட்டுக் குளிசையும் நல்லம்..." ஜெயனி திடீரென்று நிறுத்தினாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். "ஐயோ. இந்த முடிவை நீங்கள் நம்பவேண்டாம் எண்டு சொல்லுறாள். இது செல்லாதாம்."

முன்வரிசையில் தேவகுமாரி மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

நிவேதனா எல்லாவற்றையும் சொன்னாள். அறிவித்தலை, கேக்கை, ஜாம் போத்திலை, வேலியால் போன குளிசையை. மகாதேவியின் பெயரையோ தாயின் பெயரையோ சொல்லவில்லை. கொழும்பு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கனகரட்ணம் சிரிக்கவில்லை. அவர் இங்கிலீசை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"போன முறை நீர் வெறுங்கையோடை வந்தீர். இந்த முறை கையிலை இருந்ததையும் கொட்டிப்போட்டு வந்திருக்கிறீர். நாங்கள் எதை வைச்சு உம்மைத் தகுதியெண்டு சொல்லுறது?"

"எப்பிடி அளக்கக் கூடாதெண்டு கண்டுபிடிச்சிருக்கிறன் சேர். அதை வைச்சு."

"அப்ப உம்மடை ஆக்கள் பொய் சொல்லியிருக்கினம். ஆய்வாளருக்குப் பொய் காட்டியிருக்கினம்."

"பொய் இல்லை சேர். நான் விருந்தாளி மாதிரிச் சொல்லிப்போட்டுப் போனனான். அவை விருந்தாளிக்குச் செய்யிறதைச் செய்தவை. பிழை போன விதத்திலை. முன்னறிவித்தல் குடுத்து ஆர் போனாலும் புதுக் குளிசைதான் வரும்."

"ஆர் போனாலும் எண்டால்?" அவர் முன்னுக்குச் சாய்ந்தார். "அப்ப என்ரை ஆய்வும் பிழையெண்டு சொல்லுறீரோ?"

ஜெயனியின் நகம் என் கையில் இறங்கியது.

"ஓம் சேர்," என்றாள் என் மகள்.

கொட்டாவி டாக்குத்தர் நிமிர்ந்து இருந்தார்.

கனகரட்ணம் கடைசி வாங்கைப் பார்த்தார். "பின்னுக்கு இருக்கிறது உம்மடை அப்பாவோ? ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ. நீங்கள் எந்த இடம்?"

"கொழும்புத்துறை சேர்."

"பிரஷருக்குக் குளிசை குடிக்கிறனீங்களோ?"

"ஓம் சேர்."

"இப்ப கையிலை இருக்கோ?"

இருந்தது. காலையில் வெளிக்கிடும்போது கமலாவதி சேர்ட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டாள். எடுத்து நீட்டினேன். மடிப்புக் குலையாத வெள்ளை உறை. அதைச் சுற்றி இறுக்கி மூடிய சின்னப் பொலித்தீன் பை. உள்ளே பளிச்சென்று வெள்ளைக் குளிசைகள். அவர் வாங்கி மற்ற இருவருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ. கரையிலை இருக்கிற மனிசன். எவ்வளவு கவனமாய்க் கொண்டு திரியிறார். நீர் என்ன கதை சொல்லுறீர் பிள்ளை?"

என் காது சுட்டது. இந்தப் பையை நான் முன்னொரு நாளும் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"சேர்," என்றேன், "அது இண்டைக்கு இஞ்சை வாறதுக்காக மனிசி வைச்சது. வேலைக்குக் கொண்டு போறது வேறை."

"வேறையெண்டால்?"

"சாரத்து மடியிலை முடிஞ்சுகொண்டு போவன். ஐஸ் தண்ணி பட்டு ஊறிப் போகும். மத்தியானம் அவிழ்த்துப் பாத்து, துணியிலை ஒட்டிக் கிடக்கிறதை நக்கிப்போட்டுத் தண்ணி குடிப்பன். ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் உங்களுக்கு அதை ஏன் காட்டப் போறன் சேர்? பெரிய மனிசருக்கு முன்னாலை நாங்கள் புதுசைத்தான் எடுப்பம்."

கொழும்பு அம்மா என்ன, என்ன என்று கேட்டார். டாக்குத்தர் அவருக்கு இங்கிலீசில் சொன்னார். அந்த அம்மா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வென்றுவிட்டோம் என்று நிவேதனாவைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இருங்கோ." பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள். "சேர், அவர் சொன்னதை நீங்கள் கணக்கிலை எடுக்கவேண்டாம். அவர் என்ரை அப்பா. சொந்தக்காரரை எடுக்கக் கூடாதெண்டு ஒழுங்கு."

"ஏன்? உமக்குச் சாதகமாய்த்தானே சொல்லுறார்?"

"அதுக்காகத்தான் சேர். எனக்குச் சாதகமானதை நான் எடுத்தால் பிறகு எனக்கும் உங்களுக்கும்..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லாததும் அவருக்கு விளங்கியது. அவர் கழுத்துச் சிவந்தது.

அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்டார்கள். நானும் ஜெயனியும் வெளியே வாங்கில் இருந்தோம். ஜெயனி தன் பையில் இருந்து பிஸ்கட் எடுத்துத் தந்தாள்.

"அங்கிள், நானெண்டால் உங்களைச் சாட்சியாய்ப் பிடிச்சுக்கொண்டு பாஸ் பண்ணியிருப்பன்."

"உவளுக்குத் தாயின்ரை குணம் பிள்ளை. வாயிலை வாறதை விழுங்கத் தெரியாது."

நிவேதனா வெளியே வந்து எங்களுக்கு நடுவில் இருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. கதவு திறந்து தேவகுமாரி மேடம் வந்தார். குரலை இறக்கினார்.

"பிள்ளை, கேள்வியெல்லாம் நல்லாய்ச் சொல்லிப்போட்டீர். நாள் சொல்லாமல் போற உம்மடை புதுத் திட்டமும் அவைக்குப் பிடிச்சிருக்கு. சேர் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறார். முன்னறிவித்துச் செய்த முந்தின ஆய்வுகளை நம்பேலாதெண்டு உம்மடை முன்மொழிவிலை ஒரு வசனம் கிடக்குது. அதை வெட்டச் சொல்லுறார். வெட்டினால் மூண்டு பேரும் இப்பவே கையெழுத்து."

"வெட்டாட்டி?"

"அவர் போடமாட்டார். மற்ற ரெண்டு பேரும் என்ன செய்வினமோ தெரியாது. அவர் தலைவர்."

ஒரு வசனம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற எனக்கு ஒரு வசனம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனாலும் ஒரு வசனந்தானே என்றும் ஒரு மனம் சொன்னது.

"அந்த வசனத்தை வெட்டினால் சித்தப்பா குளிசை குடிக்காதவர் எண்டுதான் மிஞ்சும் மேடம்," என்றாள் நிவேதனா. "என்ரை பேரை வேணுமெண்டால் வெட்டச் சொல்லுங்கோ. அதைத் தொடமாட்டன்."

நான் போனில் கேட்ட அந்தப் பயந்த குரல் இப்போது தேவகுமாரி மேடத்திடம் இல்லை. "சரி. நான் போய் அப்பிடியே சொல்லுறன்," என்று உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்தின சத்தத்தில் நடைவழியில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். இந்த முறை கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. கொழும்பு அம்மாவும் டாக்குத்தரும் ஓம் என்று எழுதியிருந்தார்கள். கனகரட்ணம் தன்னுடைய மறுப்பைத் தனியாக எழுதி இணைத்திருந்தார். வசனம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றில் இரண்டு பேர் போதுமாம்; என் மகள் மேலே படிக்கலாம்.

"நீர் வென்றிட்டீர் எண்டு நினைக்காதையும்," என்று அவர் சொல்வது கேட்டது. "நீர் எடுக்கிற ஒவ்வொரு குளிசையையும் நான் வந்து கேள்வி கேப்பன்."

"வாங்கோ சேர்," என்றாள் நிவேதனா. "ஆனால் சொல்லாமல் வாங்கோ."

அன்றைக்கே நான் மதகில் இருந்து ஒழுங்கைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அறிவித்தலை வாசித்த அதே சத்தத்தில்தான் சொன்னேன். மகாதேவி படலையில் கை ஊன்றி நின்று கேட்டாள்.

"பொய் எண்டோ சொன்னவர்?"

"ஓம். ஆய்வாளருக்குப் பொய் காட்டினவையாம்."

"வந்த ஆளை மரியாதை பண்ணினது பொய்யோ?" அவள் படலையை அடித்துச் சாத்தினாள். உள்ளே போய்விட்டாள்.

நிவேதனாவின் புதுத் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கக் கொஞ்சக் காலம் பிடித்தது. இந்த முறை அறிவித்தலில் நாள் இல்லை. சம்மதம் என்றால் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகு அவள் எந்த நேரமும் வருவாள், வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் திருப்பி அனுப்பலாம். பலர் யோசித்தார்கள். முதல் கையெழுத்து மகாதேவியுடையது. பேனை கடதாசியைக் கிழித்துவிடும் போல அழுத்திப் போட்டாள்.

ஒரு மழைக்கால மத்தியானம் நிவேதனா போனாள். படலையால் போகவில்லை. வேலி ஓரத்தால் நேரே குசினி வாசலுக்குப் போனாள். வேலை இல்லாத நாள். நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். மகாதேவி பழைய வீட்டுச் சட்டையோடு குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது.

"படலை தட்டி வரத் தெரியாதோ? மீன் செதிளோடை இருக்கிறன்!"

"அதுக்குத்தான் மாமி இப்ப வந்தனான். வேண்டாமெண்டால் போறன்."

மகாதேவி கத்தியைப் போட்டாள். அடுப்புக்கு மேல் தட்டில் கை விட்டு ஒரு பிஸ்கட் ரின்னை இழுத்து நிவேதனாவின் கையில் திணித்தாள். மீன் கையோடுதான். மூடி திறக்கவில்லை, துருப் பிடித்திருந்தது. நான் வாங்கித் திறந்தேன். கெட்டுப்போன குளிசையின் வினாகிரிப் புளிப்பு மணம் மூக்கில் அடித்தது. குளிசைகள் ஒரே கட்டியாகிக் கிடந்தன. மேலே மிளகாய்த்தூள் படிந்திருந்தது.

"தினமும் குடிக்கிறனீங்களோ மாமி?"

"பின்னை? கத்தி முனையாலை கிண்டி எடுத்து, கணக்காய்க் குடிக்கிறன். ஒரு நாள் விட்டதில்லை. அதையும் எழுது. வடிவா எழுது." அவள் மீண்டும் குந்தி மீனை எடுத்தாள். "உன்ரை அந்தச் சேருக்கும் சொல்லு. என்ரை வீட்டுக்கு வந்தால் அவருக்குக் கேக் இருக்கு, பூக்கோப்பை இருக்கு, புதுக் குளிசையும் இருக்கு. இந்த ரின் அவருக்கு இல்லை. இது உனக்கு."

நிவேதனா கையுறையை மாட்டிக்கொண்டு, கட்டியில் இருந்து முதல் குளிசையைப் பெயர்த்து எடுக்கத் தொடங்கினாள்.